முதுகில் எழுதிய ‘போதும்!’

“இரவுக்கு ஒரு கிண்ணம். போதும்!”

கம்பெனி கொடுத்த மஞ்சள் கோட்டின் முதுகில் இப்படி அச்சடித்திருந்தார்கள். முதல் வரி கடுகளவு. ‘போதும்!’ மட்டும் பூசணிக்காய் அளவு.

சூப்பர் மார்க்கெட்டில் ருசி பார்க்க கார்ன்ஃப்ளேக்ஸ் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் நின்று மைக்கில் இதையே ஓதுவதுதான் என் வேலை. பருப்பும் எண்ணெயும் விலை ஏறி ஜனங்கள் விழி பிதுங்கி நிற்கும்போதுதான் கம்பெனிக்கு இந்த ஞானோதயம் வந்தது. ராத்திரிக்குச் சமைக்காதீர்களாம், இதைத் தின்னுங்களாம். பெட்டியை இளைக்கவைத்து விலையைக் கொழுக்கவைத்த மகராசன்கள்!

“உங்க முதலாளி வீட்லயும் ராத்திரிக்கு இதானாம்மா?” என்று வருகிறவர்களெல்லாம் என்னைக் குடைந்தார்கள். எய்தவனை விட்டுவிட்டு அம்பை நொந்தார்கள். ஊர் முழுக்க விளம்பரத்தைக் கிழிகிழியென்று கிழித்தார்கள்.

அதைச் சமாளிக்க விளம்பர அதிகாரி கேமராவோடு வந்தார். திட்டும்போதும் பல் தெரிவதால் அவருக்குச் சிரிப்பு சார் என்று பெயர்.

“ஸ்டாஃப் சொன்னா ஜனங்க நம்புவாங்க. ‘எங்க வீட்லயும் ராத்திரிக்கு இதுதான்’னு சிரிச்சுக்கிட்டே சொல்லும்மா. நேரடியா ஒளிபரப்பாகுது. சொதப்பினா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்.”

கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது, எரிகிற நாட்களில். பணம் கட்டும் வரிசையில் என் நாத்தனார் நின்றிருந்தாள். பஸ் கண்டக்டர், கணீர்க் குரல். குடும்ப மானம் அவளுக்கு உயிர்.

மைக்கை வாங்கினேன்.

“எங்க வீட்லயும் ராத்திரிக்கு இதுதான்.”

சிரிப்பு சார் கட்டைவிரலை உயர்த்தினார். அந்த விரலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இந்த மேசையில மிஞ்சுற தூளைப் பையில கட்டி எடுத்துட்டுப் போறேன். பிடிச்சு சாப்பிடல, வேற வாங்க வழியில்லாம சாப்பிடுறோம். இன்னிக்கு என்ன சமையல்னு கேக்கறதையே என் பொண்ணு விட்டுட்டா.”

“போதும்!” என்று கத்தினாள் நாத்தனார்.

வீட்டுக் கதையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவராதே என்றுதான் அவள் கத்தினாள். எனக்குத் தெரியும். ஆனால் வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரியாதே! அவளுக்குப் பின்னால் நின்ற பெரியவர், “ஆமா, போதும்!” என்றார். கூடைகளைத் தரையில் வைத்துவிட்டுக் கடையே கத்தியது: “போதும்! போதும்!”

தான் பற்றவைத்த வெடி இது என்று புரியாமல் நாத்தனார் திருதிருவென விழித்தாள்.

“கோட்டைக் கழட்டு. வெளிய போ,” என்றார் சிரிப்பு சார். முதன்முறையாக அவர் பல் தெரியவில்லை.

பயமாகத்தான் இருந்தது. நாளைக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஆனாலும் பல நாள் கழித்து நிமிர்ந்து நின்றேன். கோட்டைக் கழற்றினேன். அவர் கையை நீட்டினார்.

அவர் கைக்குப் போகுமுன் நாத்தனார் அதைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணில் நீர் தளும்பியது. “தூளைத் தின்னுட்டு இருக்கீங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா அண்ணி? உங்ககிட்ட அப்புறம் பேசிக்கறேன். இப்ப கையை நீட்டுங்க.”

நீட்டினேன். கோட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டி, முதுகுப் பக்கம் பொத்தான்களைப் போட்டாள்.

“முதுகுல இருந்தா யாரு பாப்பாங்க? வாங்க, வாசல்ல போய் நிப்போம்.”