விடுதியெங்கும் எல்லப்பனின் இதயம்

ஓசூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரிக்கு 2008-இல் திடீரென்று ஞானம் பிறந்தது. இனிமேல் பாடமெல்லாம் செல்போனில் என்றார் முதல்வர். நோயாளியின் நெஞ்சில் குழாய் வைத்துத் தவம் கிடப்பது பழைய காலமாம். பேராசிரியர் மூர்த்தி, இதய வால்வு சுருங்கிய, கல்லாவி கிராமத்து எல்லப்பனின் நெஞ்சுச் சத்தத்தை, ஸ்டெதாஸ்கோப் குழாயைத் தன் போனோடு ஒட்டிப் பதிவு செய்தார். அது ப்ளூடூத்தில் விடுதி முழுக்கச் சின்னம்மை மாதிரி பரவியது. லப், டப், உர்ர்ர். அந்த உர்ர்தான் நோய் என்று மூர்த்தி சொல்லிவிட்டார். கட்டிலில் கால் நீட்டியபடியே இதயநோய் நிபுணர்கள் உருவானார்கள்.

அவர்களில் ஆகப் பெரிய நிபுணன் ஜெகதீஷ். இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை மண்ணைக் கவ்வியவன். இந்த முறையும் கவ்வினால் இன்னொரு ஆறு மாதம். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் அப்பாவோ, பையன் டாக்டராகிவிட்டான் என்று ஷிப்டு முழுக்க இனிப்பு கொடுத்துத் தொலைத்திருந்தார். பயத்தில் அவன் அந்தச் சத்தத்தையே ரிங்டோனாக வைத்தான். அம்மா கூப்பிட்டாலும் உர்ர்.

தேர்வுக்கு வழக்கமான நோயாளிகளைக் கல்லூரியே வேன் அனுப்பி அழைத்துவரும், மதியம் பிரியாணி. ஜெகதீஷுக்கு வாய்த்தவர் சாட்சாத் எல்லப்பன். ஆளைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிட்டது. முன்னால் போனவர்களும் உர்ர் கேட்டதாகத்தான் ஒப்பித்திருந்தார்கள். ஆனால் நெஞ்சில் குழாயை வைத்தால் லப், டப் மட்டும். உர்ர் இல்லை. மேலே, கீழே, பக்கவாட்டில் தேடினான்.

"இன்னா தம்பி, ரொம்ப நேரமா தேடிக்கினு கீறே? நின்னு கின்னு போச்சா?" என்றார் எல்லப்பன்.

அப்போது கரண்ட் போனது. வார்டின் பின்புறம் ஏதோ இருமியது. உடனே வந்தது உர்ர். ஜெகதீஷுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த ஆனந்தத்தில் குழாயைக் காதிலிருந்து கழற்றினான். உர்ர் நிற்கவில்லை.

இத்தனை நாளும் அவன் மனப்பாடம் செய்தது கல்லூரி ஜெனரேட்டரை.

சேலத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் சரோஜம்மாள், என்ன கேட்டது என்றார். பக்கத்தில் மூர்த்தி, உதட்டைக் குவித்து ஓசையில்லாமல் 'உர்ர்' எடுத்துக்கொடுத்தார். அதைச் சொன்னால் பாஸ். மறுத்தால், பாதி மார்க் போடும் மூர்த்தியையே அவமானப்படுத்தியதாகும். ஜெகதீஷ் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"நோய் பேரு தெரியும் மேடம். சத்தம் இன்னும் கேக்கல. நான் படிச்சது ஜெனரேட்டரை."

அம்மையார் அவன் போனை வாங்கிக் கேட்டார். மூர்த்தி காலண்டரில் பண்டிகை தேடினார். ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லி ஆள் போனது. மின்விசிறி நின்றது. எல்லப்பனை இடப்புறம் ஒருக்களிக்க வைத்து, குழாய் முனை வட்டின் சின்னப் பக்கத்தை அழுத்தாமல் வைக்கச் சொன்னார் அம்மையார்.

டப்புக்குப் பிறகு, சூளகிரி மேட்டில் தூரத்து லாரி ஏறுவதுபோல ஒரு முனகல். நின்றது. மறுபடி வந்தது.

"விட்டு விட்டு வருது மேடம்," என்றான்.

"கெடச்சுதா?" என்றார் எல்லப்பன். "அது அங்கியேதான் கீது. யாரும் இம்மாம் நேரம் காது குடுக்கல."

ஜெகதீஷ் விளிம்பில் பாஸ். அவனுக்கு முன்னால் ஜெனரேட்டரை ஒப்பித்தவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே அமோக மார்க். மூர்த்தி அன்று மதியமே புதிதாகப் பதிவு செய்து அனுப்பினார். இந்த முறை ஜெனரேட்டரும் இல்லை, நோயும் இல்லை. ஜெகதீஷ் அதைத் திறக்கவே இல்லை. வேன் கிளம்பும்வரை எல்லப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொருமுறை கேட்டுக்கொண்டிருந்தான்.