சோதனைக்காரி வந்த வியாழக்கிழமை

என் தம்பி நெவில் இருமினால் சுவருக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுக்காரி டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பாள். கூரைக்கு ஓடு மாற்றுகிற வேலை அவனுக்கு. கிறிஸ்துமஸுக்கு வந்த இருமல் ஈஸ்டர் கழிந்தும் போகவில்லை. அவன் துணியும் என் மெஷினில்தான் துவைகிறது. கைக்குட்டையில் ரத்தம் பார்த்துவிட்டுக் கேட்டேன். "ஈறு வீங்கியிருக்கு" என்றான். பொய் சொல்லக்கூட சோம்பேறித்தனம்.

எங்கள் வட்டாரத்துக்கு ஒரே கிளினிக். வேறு எங்கும் எங்களைச் சேர்க்க மாட்டார்கள். காலை எட்டு மணிக்கு அவர்கள் போன் திறக்கும். நான் மீன் ஆலையில் காட் மீனுக்கு முள் எடுக்கிறவள். கையுறையைக் கழற்றிவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் கடல் காற்றில் நின்று போன் போடுவேன். பாட்டு ஓடும். பாட்டு முடிந்து ஒருத்தி வருவாள். "இன்னைக்கு இடமெல்லாம் போயிடுச்சு கண்ணு. நாளைக்கு எட்டு மணிக்குப் பாருங்க." நாளைக்கும் அதே பாட்டு, அதே கண்ணு. மேஸ்திரி என் சம்பளத்தில் பிடித்தான். டாக்டர் மட்டும் கிடைக்கவில்லை.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை கிளினிக் மேனேஜர் லொரெய்ன் தானே கூப்பிட்டாள். "அவ்ரில், நெவிலுக்கு வியாழக்கிழமை காலையில ஒரு இடம் இருக்கு. வரச் சொல்றீங்களா?"

நன்றி சொன்னேன். ஒரு தடவை போதாதென்று மறுபடியும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வாயைக் கழுவத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை உள்ளே போனால் பெயின்ட் வாடை. நாற்காலியெல்லாம் புதுசு. வருஷக்கணக்காக ஒழுகிய கூரை மூலையைப் பூசியிருந்தார்கள். எங்கள் தெருவில் பாதி அங்கே உட்கார்ந்திருந்தது. முன்பு பள்ளிக்கூடத்தில் சத்துணவு போட்ட டொரீன் கோட்டில் புரூச் குத்தி, சர்ச்சுக்கு வந்த மாதிரி இருந்தாள்.

"உனக்கு என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. பிரஷர் பாக்கணும்னு அவங்களே கூப்பிட்டாங்க. நான் கேக்கவே இல்ல."

"எனக்குக் காது அழுக்கு" என்றான் பக்கத்தில் இருந்த கிழவன் கென். "போன வருஷம் கேட்டது. இப்ப அழுக்குக்கே வயசாயிடுச்சு."

டொரீன் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்று போன மாதம் கவுண்டரில் கத்தியவள் எங்கே? ஊசி தவறிப்போனதற்கு மனு போட்டவன் எங்கே? ஒருத்தரையும் காணோம். வாயைத் திறக்காதவர்களாகப் பார்த்துப் பொறுக்கி அழைத்திருந்தாள் லொரெய்ன். அந்தப் பட்டியலில் என் தம்பியும் இருந்தான்.

அவளே வந்து நின்றாள். கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் பிஸ்கட் தட்டு.

"இன்னைக்கு நம்ம கிளினிக்கைச் சோதிக்க ஆள் வந்திருக்காங்க. உங்ககிட்ட ரெண்டு வார்த்தை கேப்பாங்க. மனசுல பட்டதைச் சொல்லுங்க." தட்டை நீட்டினாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இதை மூடிட்டாங்கன்னா அடுத்தது ஆத்துக்கு அந்தப்பக்கம். ரெண்டு பஸ் மாறணும்."

பிஸ்கட்டில் சாக்லேட் தடவியிருந்தது. எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

சோதனைக்காரி நல்ல பெண்தான். பெயர் பிலிப்பா என்றாள். தெற்கத்திப் பேச்சு. ஒவ்வொரு நாற்காலியாக வந்து, குந்தி உட்கார்ந்து, "இங்கே டாக்டரைப் பார்க்கிறது சுலபமா இருக்கா?" என்று கேட்டாள்.

"ஏதோ ஓடுது" என்றாள் டொரீன்.

"ஏதோ ஓடுது" என்றான் கென்.

எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். டிராலர் படகில் கயிறு அறுத்து விரல் போனவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். குறை சொல்வது பிச்சை எடுப்பதற்குச் சமம் என்று தாய்ப்பாலோடு குடித்தவர்கள். அவள் அதையெல்லாம் தலையாட்டி எழுதிக்கொண்டாள்.

நெவில் முறை வந்தது. இருமலை அடக்கி அடக்கி அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் தண்ணீர்.

"ஏதோ ஓடுதுங்க" என்றான்.

"எங்கடா ஓடுது?" என்றேன். "கிறிஸ்துமஸ்லேர்ந்து ரத்தம் ஓடுது, அதைச் சொல்லு."

அறையில் பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது. பிலிப்பா என் பக்கம் திரும்பினாள். நெவில் எழுந்தான். குல்லாவைப் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

கார் நிறுத்துமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான். முடியட்டும் என்று நின்றேன்.

"ஊரைக் கூட்டி மானத்தை வாங்கிட்ட" என்றான்.

"உசுரு போறப்ப மானத்தை வச்சு என்ன பண்ணப்போற?"

"அப்பா சாகுறவரைக்கும் யார்கிட்டயும் போய் முறையிட்டதில்ல."

"அதான் செத்தாரு."

அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் தரையைப் பார்த்தான். குரல் தேய்ந்துவிட்டது.

"உனக்குப் புரியல அவ்ரில். இங்க சத்தம் போட்டா லிஸ்ட்லேர்ந்தே பேரை எடுத்துடுவாங்க. ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கானே, அவனை எடுத்தாங்கல்ல? மொதல்ல என்னை ஒருத்தர் பாக்கட்டும். ஒரு தடவையாவது பாக்கட்டும். பயமா இருக்கு எனக்கு."

முப்பது வருஷமாகக் கூரை மேல் நடக்கிறவன். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. என் கோபம் எங்கே போய் விழுவது என்று தெரியாமல் நின்றது. கடிதம் போட்டு ஒருத்தன் பேரை நீக்கும் இடத்தில் அண்டிப் பிழைக்க வேண்டியிருக்கிறது. மருத்துவம் எங்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. ஆனாலும் கெஞ்சுகிறவர்கள் நாங்கள்.

"சரி, வா. நான் வாயைத் திறக்கல."

"சத்தியமா?"

"சத்தியமா."

கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். வாசலிலேயே லொரெய்ன் நின்றிருந்தாள். "காபி சாப்பிடறீங்களா அவ்ரில்?" இத்தனை வருஷத்தில் அவள் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. வேண்டாம் என்று உட்கார்ந்தேன். டொரீன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

திரையில் நெவில் பெயர் வந்தது. அவன் எழுந்து, ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. டாக்டர் "உட்காருங்க" என்பது கேட்டது. பிறகு இருமல். பிறகு சட்டையைக் கழற்றச் சொல்கிற குரல். இனி அவனை யாரும் வெளியே அனுப்ப முடியாது.

பிலிப்பா வந்து என் முன்னால் குந்தினாள். "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க."

"அவங்க தம்பிக்கு உடம்பு சரியில்லாத கவலை, அவ்வளவுதான்" என்றாள் லொரெய்ன், பின்னாலிருந்து.

"என் கவலையை நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

சொன்னேன். எட்டு மணிப் பாட்டைச் சொன்னேன். கவுண்டரில் கத்தியவளை ஏன் இன்று கூப்பிடவில்லை என்று லொரெய்னையே கேட்கச் சொன்னேன். பெயின்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், இன்னும் காயவில்லை. பிஸ்கட்டையும் ரெண்டு பஸ்ஸையும் சொன்னேன். லொரெய்ன் முகம் சுவர் நிறத்துக்கு வந்தது. பிலிப்பா தலையாட்டுவதை நிறுத்திவிட்டு எழுத மட்டும் செய்தாள்.

டொரீன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நீ பேசிட்டுப் போயிடுவ. இதை மூடிட்டா நாங்க எங்கடி போறது?"

"இப்ப எங்க போய்ட்டிருக்க நீ? கேக்காத பிரஷரைப் பாக்க வந்திருக்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னால் யாரோ "திமிரு புடிச்சவ" என்றார்கள். இருக்கட்டும். நாளைக்கு ஆலையிலும் இது வரும். கடையில் என்னைப் பார்த்தால் வரிசை மாறி நிற்பார்கள். மூடினால் என் பேரைச் சொல்லித்தான் ரெண்டு பஸ் ஏறுவார்கள்.

கதவு திறந்தது. நெவில் கையில் காகிதம். சட்டைப் பொத்தானை ஒன்று தவறிப் போட்டிருந்தான். பின்னாலேயே வந்த டாக்டர், "இன்னைக்கே, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் போன் பண்ணிச் சொல்றேன்" என்றார். என்னைப் பார்த்தார். "ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்க?"

நெவில் பிலிப்பாவின் கையையும், அதற்குள் அவள் எழுதி நிரப்பியிருந்த பக்கத்தையும் பார்த்தான். பிறகு என்னை.

"சத்தியம் பண்ணுன" என்றான்.

"பண்ணுனேன்."

"ஆஸ்பத்திரி பஸ் வந்துடும்."

"வரட்டும். டாக்டர் ஏதோ கேட்டாரே, அவருக்குப் பதில் சொல்லிட்டு வரேன்."

அவன் வாசலுக்குப் போனான். கண்ணாடி வழியாக பஸ் வந்து நிற்பது தெரிந்தது. ஆள் இறங்கினார்கள், ஏறினார்கள். நெவில் ஏறவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையால் கிளினிக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான்.

நான் டாக்டர் பக்கம் திரும்பினேன். "நீங்களும் உக்காருங்க" என்றேன். "ஜனவரிலேர்ந்து ஆரம்பிக்கறேன்."