மீட்டர் மாட்டிய ஞாயிறு

குடியிருப்பில் அவளை எல்லாரும் மருந்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மொத்த விற்பனைக் கடையிலிருந்து மருந்துப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, ஊர் முழுக்க இருக்கும் சின்னக் கடைகளுக்கும் நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. ஸ்கூட்டர் கூட இல்லை; கியர் போட்டு ஓட்டும் கனமான பழைய பைக். அது அவள் கணவருடையது. அவர் லிஃப்ட் மெக்கானிக். அதனால் அவருக்குப் பெயர் லிஃப்ட்காரர்.

போன வருடம் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி வழுக்கி விழுந்தார். கழுத்தில் அடி. பட்டை போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தார், பிறகு உட்கார்ந்தார், பிறகு நடந்தார். கம்பெனியில் உடம்பு சரியானதும் வரச் சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதம் போய்விடுவேன் என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவள் அந்த அடுத்த மாதத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அவர் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் லீவு சொல்லிவிட்டு ஒரு வாரம் தூங்க வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே திட்டம் அதுதான்.

பைக்கின் மீட்டர் எப்போதோ உயிரை விட்டிருந்தது. வேகம் காட்டும் முள் படுத்த படுக்கை. பெட்ரோல் முள் மட்டும் டாங்கில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதியிலேயே நிற்கும். அதை நம்பிப் போன ஒரு நாள் மேம்பாலத்தின் உச்சியில், கொட்டுகிற மழையில், வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஐஸ் பெட்டிக்குள் இன்சுலின். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அத்தனையும் வீண். பாலத்தை விட்டு இறங்கி, பெட்ரோல் பங்க் வரை தள்ளிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தலையைக்கூட துவட்டாமல் படுத்துவிட்டாள்.

சில நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு டிஜிட்டல் மீட்டர், அதன் முதுகிலிருந்து வால் மாதிரி தொங்கும் ஒயர்க் கொத்து. வேகம், பெட்ரோல், கியர் எல்லாம் எண்ணாகவே காட்டுமாம். ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டித் தருகிறேன் என்றார். இதற்கு எதற்கு நீங்கள், தம்பியிடம் விட்டால் டீ குடித்து முடிப்பதற்குள் மாட்டிவிடுவானே என்று அவள் கேட்டாள். அவளுடைய தம்பி இரண்டு தெரு தள்ளி வண்டி ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும், விடு என்று அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். எழுந்தபோது வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. வாயைக் கொப்பளித்து, டீ போட்டு, ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு கீழே போனாள். கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம். பழைய படுக்கை விரிப்பு ஒன்றை விரித்து, அதன்மேல் ஹெட்லைட்டையும் கழற்றிய மீட்டரையும் நட்டுகளையும் பரப்பி வைத்திருந்தார். வண்டியின் முகத்தைக் கழற்றி எடுத்ததுபோல் முன்பக்கம் ஒயர்கள் தொங்கின. அவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, சட்டை முதுகோடு ஒட்ட வியர்த்துப்போயிருந்தார்.

இன்னும் அரை மணி நேரம் என்றார்.

அவள் மாடிக்குப் போய்த் துணி துவைத்தாள், காயப் போட்டாள், மறுநாளுக்கான சீருடையை இஸ்திரி போட்டாள். திரும்ப இறங்கி வந்தபோது அவர் கையில் அதே ஒயர்தான் இருந்தது. டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. ஒயரின் நுனியில் அரிசி அளவில் ஒரு பித்தளைப் பின். அதை, ஒயர்களை இணைக்கும் வெள்ளை கப்ளரின் ஓட்டைக்குள் செருகினால் டக்கென்று ஒரு சத்தம் வந்து பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்டவை மூன்றோ நான்கோ. மற்றவை எல்லாம் வெளியில் விரிந்து கிடந்தன. போதாக்குறைக்கு ஏதோ ஒயர் எங்கோ உரசி ஃபியூஸும் போயிருந்தது. சாவியைப் போட்டால் வண்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"காலையில விடியறதுக்கு முன்னாடி நான் கிளம்பணும்" என்றாள்.

தெரியும் என்றார். அதற்குள் முடித்துவிடலாம் என்றார். அவள் செல்போனை எடுத்துத் தம்பியின் எண்ணைத் தேடினாள்.

"அவன கூப்பிடாத."

"ஏன்?"

"கூப்பிடாதன்னா விடேன்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. கத்தவில்லை, கத்துவதற்கும் தெம்பு வேண்டும்.

"உங்களுக்கு ஞாயித்துக்கிழமையும் ஒண்ணுதான், செவ்வாக்கிழமையும் ஒண்ணுதான். எனக்கு இருக்கறது இந்த ஒரு நாளுங்க. இதையும் இப்படித் தின்னுட்டீங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் தலை நிமிரவில்லை. பின்னைப் பிடித்து மறுபடியும் ஓட்டைக்கு நேராகக் கொண்டுபோனார். அது பக்கத்தில் முட்டியது. திரும்பவும் கொண்டுபோனார். மேலே போய்விட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் மூன்று மாடி ஏற வேண்டும். கால் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியே விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். மீட்டரின் கண்ணாடிமேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது. வெள்ளை கப்ளரிலும் சிவப்பு. அவருடைய வலது கட்டைவிரலில், ஒயரின் தோலைச் சீவிய பிளேடு ஆழமாக இறங்கியிருந்தது. ரத்தம் உள்ளங்கை வழியாக மணிக்கட்டு வரை ஓடிக் காய்ந்தும் காயாமலும் இருந்தது.

"விரல வெட்டிக்கிட்டீங்க."

எங்கே என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ வேறு ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அவளுடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. துப்பட்டாவின் நுனியால் விரலைச் சுற்றி அழுத்தினாள். எலும்பு தெரியாத குறைதான். ஆனாலும் அவர் முகம் சுளிக்கவில்லை. பிறகு, கண்ணை மூடுங்கள் என்றாள். எதற்கு என்று கேட்காமல் மூடிக்கொண்டார். அவள் விரிப்பிலிருந்து ஒரு நட்டை எடுத்தாள். அது மற்ற நட்டுகளோடு உரசிச் சத்தம் கேட்டது. அவருடைய வலது கை விரல்களை விரித்தாள், மடித்து மூடினாள்.

"உங்க கையில என்ன இருக்கு?"

"நட்டு."

கண்ணைத் திறந்தார். கையை விரித்தார். கையில் ஒன்றும் இல்லை. நட்டு அவள் மடியில் இருந்தது.

மேல் மாடியில் யாரோ குழந்தையைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் வெறும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை நாளாக என்று அவள் கேட்டாள். படுக்கையை விட்டு எழுந்த நாளிலிருந்தே என்று சொன்னார். முதலில் எறும்பு ஊர்கிறாற்போல் இருந்ததாம். போய்விடும் என்று விட்டுவிட்டாராம். பிறகு எறும்பும் ஊரவில்லை, ஒன்றும் இல்லை, மரக்கட்டை. சட்டைப் பொத்தானை இடது கையால் போடப் பழகிக்கொண்டார். சவரமும் இடது கையால். அவள் விடியும் முன் போய் இருட்டிய பிறகு வருகிறவள். அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றும் பெரிய பாடாக இல்லை. மச்சானுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவன் ஒரு ஸ்பேனரைக் கையில் கொடுத்து இதைப் பிடியுங்கள் மாமா என்றால் அந்த நிமிடமே குட்டு வெளிப்பட்டுவிடும்.

"அப்புறம் எதுக்குங்க இத வாங்கினீங்க?"

அவர் இடது கையால் மீட்டரைத் தொட்டுப் பார்த்தார்.

"நீ பெட்ரோல் இல்லாம தள்ளிக்கிட்டு வந்தது மனசுல கிடந்தது. அதுவும் உண்மைதான். ஆனா இத மாட்டிப் பாத்துரலாம்னு இருந்தேன். லிஃப்ட் கன்ட்ரோல் பெட்டிக்குள்ளயும் இதே மாதிரி பின்னுதான். இத மாட்ட முடிஞ்சா வேலைக்குப் போயிரலாம்."

முடியவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அடுத்த மாதம் சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கொட்டாவிதான் வந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாய் பொத்தி நன்றாகக் கொட்டாவி விட்டாள். நாளைக்கும் மருந்து போக வேண்டும். நாளை மறுநாளும் போக வேண்டும்.

மேலே போய்ப் பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து விரலுக்குக் கட்டுப் போட்டாள். மருந்து சுமக்கிறவள் வீட்டில் அதற்குமட்டும் பஞ்சம் இல்லை. பிறகு வாளியிலிருந்து அவரை எழுப்பிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. எது எங்க போகணும்?"

முதலில் ஃபியூஸை மாற்றச் சொன்னார். பிறகு சிவப்பு ஒயர். அது பேட்டரியிலிருந்து நேராக வருவது. பிறகு சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற ஒயர். பிறகு எர்த். அவள் விரல்கள் ஒல்லியானவை. பின்கள் ஒவ்வொன்றாக டக், டக் என்று உட்கார்ந்தன. தப்பான ஓட்டையில் ஒன்று போய்விட்டது. அதைக் கொண்டை ஊசியால் நெம்பி எடுக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் அவசரப்படுத்தவில்லை. ஒரு ஒயர் முடியும்வரை அடுத்த ஒயரைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பொறுமையை அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒருவேளை அதைப் பார்க்கிற அளவுக்கு அவள் விழித்திருந்து வெகுநாள் ஆகியிருக்கலாம்.

முன்சக்கரத்தில் குட்டிக் காந்தங்களை ஒட்டி, அவை கடந்துபோகும் இடத்தில், அவற்றை எண்ணி வேகம் சொல்லும் சென்சாரை வைத்து முடுக்கினாள். சாவியைப் போட்டதும் மீட்டர் நீலமாக விழித்துக்கொண்டது. கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். இந்தச் சந்துக்குள் நான் நூறில் போனேனாம், இது சொல்கிறது என்றாள். காந்தத்தின் எண்ணிக்கையை இரண்டு பேருமாக மீட்டருக்குத் தப்பாகச் சொல்லியிருந்தார்கள். சரிசெய்ததும் அடங்கியது. முந்தின நாள் சாயங்காலம்தான் டாங்கை நிரப்பியிருந்தாள். மீட்டரோ பெட்ரோல் தீர்ந்துவிட்டதென்று கண்ணை மூடி மூடித் திறந்தது. பழைய வண்டிகளின் டாங்கு பெட்ரோல் அளவைச் சொல்லும் விதம் வேறு. அதையும் மாற்றி வைக்கச் சொன்னார். கட்டங்கள் ஒவ்வொன்றாக மேலேறி நிரம்பின.

"அப்பாடா" என்றார் லிஃப்ட்காரர். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். அவளும் சிரித்தாள். இரண்டு பேருக்கும் அதற்குமேல் தெம்பு இல்லை.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஊசி முனையால் விரல் விரலாகக் குத்திப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். கழுத்தில் நரம்பு நசுங்கியிருந்தது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். ஆபரேஷன் செய்தால் இதற்குமேல் மோசமாகாமல் நிறுத்தலாம், போன உணர்ச்சி திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். செய்தார்கள். சுண்டு விரலுக்கும் அதன் பக்கத்து விரலுக்கும் மெல்ல உயிர் வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அப்படியே இருந்துவிட்டன. தம்பிக்குத் தெரிந்தபோது, அக்காவிடம் கோபித்துக்கொண்டான். மாமாவிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான்.

இனிக் கருவி பிடிக்க முடியாது என்று அவரே கம்பெனிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். போகும்போது சட்டையை அவள் மாட்டிவிட்டாள். திரும்பி வந்தவர் அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் பொத்தானை அமுக்குவார்கள்; அந்த அழைப்பை எடுத்துப் பேச ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே பேசலாம் என்றார்கள். பழைய சம்பளம் வராது. மெக்கானிக்காக இருந்தவனை டெலிபோன் எடுக்கச் சொல்கிறார்களே என்று முதலில் முறுக்கிக்கொண்டார். பிறகு ஒத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது அவர் செல்போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். எந்த ஊர்க் கட்டடமோ, யாரோ ஒரு அம்மாள் தனியாக இருட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் அழுவது இங்கே வாசல்வரை கேட்டது.

"கீழ விழாதும்மா. நான் அந்த லிஃப்ட்டுக்கு உள்ள வெளிய எல்லாம் பாத்தவன். சுவத்துல சாஞ்சு உக்காந்துக்குங்க. ஆளு கிளம்பியாச்சு. அதுவரைக்கும் நான் போன வைக்க மாட்டேன்."

மருந்தக்கா ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, செருப்பைக்கூட கழற்றாமல், கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அந்த அம்மாளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்டார். பெரியவன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். அவசரமே இல்லாத குரல். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். ஆட்கள் வந்து கதவைத் திறந்தார்களா என்பது மருந்தக்காவுக்குத் தெரியாது. அதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.