செல்வராணி கரை திரும்பியது

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பேக்கரி மாடியில் இருக்கும் சின்ன வெப்சைட் கம்பெனியில் மோகனப்ரியாதான் சீனியர். மே பிறந்தால் கல்லூரிப் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்கு வந்துவிடுவார்கள். காசு கொடுத்தவர் வேலையில் அவர்களைக் கைவைக்க விட முடியுமா? பழகிக்கொள்ள ஏதாவது சின்ன வெப்சைட் யோசித்து வைக்க வேண்டும். அன்று காலை வெள்ளைப் பலகையில் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். இலுப்பூர் சந்தை விலை. டவுன் பஸ் நேரம்.

போன் வந்தது. கோட்டைப்பட்டினத்திலிருந்து ஷர்லி என்று ஒரு பெண். அவள் வீட்டுக்காரர் போன செல்வராணி என்ற விசைப்படகு நேற்றே திரும்பியிருக்க வேண்டுமாம். இன்னும் காணவில்லையாம்.

“ஒங்க வெப்சைட்ல கரை திரும்பியதுன்னு பச்சையாப் போட்டிருக்கு மேடம். கீழ இந்த நம்பர் இருந்துச்சு. எந்தக் கரைன்னு மட்டும் சொல்லுங்க, வண்டி பிடிச்சுப் போறோம்.”

அது போன வருஷம் இன்டர்ன்ஷிப்புக்கு வந்த அந்த ஊர்ப் பெண் இனியா பழகுவதற்காகச் செய்த வெப்சைட், கடலுக்குப் போன படகு திரும்பியதா என்று காட்டுவது. படகு ஒன்று, படகு இரண்டு என்று போட்டு வைத்திருந்தாள். நிஜப் பெயராகப் போடு, பார்க்க நன்றாக இருக்கும் என்று சொன்னது மோகனப்ரியாதான். இனியா தன் தெருப் படகுகளையெல்லாம் வரிசையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் கரை திரும்பியது என்றே எழுதினாள். வேறெப்படி எழுதுவாள், சொல்லுங்கள்? சொந்த ஊர்ப் படகு திரும்பவில்லை என்று எழுத எந்தப் பிள்ளைக்குக் கை வரும்?

மோகனப்ரியா உள்ளதைச் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். ஷர்லி போனை வைத்துவிட்டாள்.

சென்னையில் வேலைக்குப் போய்விட்ட இனியாவைக் கூப்பிட்டாள். அந்த வெப்சைட்டைத் தன் கல்லூரி மெயிலை வைத்து இலவசமாகத் தொடங்கினாளாம். படிப்பு முடிந்ததும் அந்த மெயிலை மூடிவிட்டார்களாம். உள்ளே போய் மாற்ற இனி யாராலும் ஆகாது. சொல்லும்போதே இனியா அழுதுவிட்டாள். செல்வராணி அவள் பெரியப்பா படகு.

மத்தியானம் ஷர்லியே மறுபடி கூப்பிட்டாள்.

“அதை அழிச்சிராதீங்க மேடம். எங்க அத்தை அதைப் பாத்துட்டுத்தான் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாங்க. நான் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லல.”

அழிக்க முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல மோகனப்ரியாவுக்கு வாய் வரவில்லை. சரிம்மா என்றாள்.

வாசலில் புதுப் பிள்ளைகள் பையோடு நின்றார்கள். எதை முதலில் செய்யட்டும் என்று ஒருத்தி கேட்டாள். மோகனப்ரியா பலகையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனில் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். பச்சையாகத்தான் இருந்தது.