பதினொரு நிர்வாகிகள்

பதினொரு பேரும் இணையக் கருத்துக்களத்துக்கு நிர்வாகி ஆகவேண்டும் என்றார்கள். நான் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாசாய் நகரில் எங்கள் அடுக்குமாடி இந்தியர் சங்கத்தின் செயலவையில் மொத்தமே அந்தப் பதினொரு பேர்தான். பாலாய் ராயா பொதுமண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டால்கூட யார் யாருக்கு முன்னால் என்று கணக்குப் பார்த்து உட்காருகிறவர்கள்.

"நிர்வாகி ஒருத்தர் போதும் அங்கிள்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அப்ப நான் யாரு? வெறும் மெம்பரா?" என்றார் துணைத் தலைவர் ஜெயபாலன். "அதுக்கு நான் வீட்லயே இருந்துருவேன் லா."

தலைவர் ஹேமநாதன் பெருந்தன்மையாகக் கையசைத்தார். "எல்லாருக்கும் குடுத்துரு பொண்ணு. சும்மா கெடைச்ச சாமான்தானே."

சும்மா கிடைத்ததுதான். முகம் தெரியாத பலர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருந்த திறந்த மூல மென்பொருள். அதைக்கொண்டு எங்கள் குடியிருப்புக்கு ஒரு கருத்துக்களம் அமைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஹேமநாதனோ, சிங்கப்பூரில் ஆள் வைத்துச் செய்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிப் படிப்பு படிவம் மூன்றோடு நின்றுவிட்ட பெண் செய்தாள் என்றால் அவருக்கு மதிப்பு குறைந்துவிடும்.

சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது வேறு. ஷிப்டு முடிந்து வந்த பெண்கள் மூன்று மாதமாக அங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கேள்வி போடுவேன், கீழே பதில்கள் நீளும். மூன்றாம் மாடி மலரக்கா தொழிற்சாலையில் நின்று நின்று வீங்கிய கால்களைப் பற்றி எழுதினார், வராத மாப்பிள்ளைகளைப் பற்றியும் எழுதினார். படிக்கட்டில் அவரைப் பார்த்தால் சுவரோடு ஒட்டிக்கொள்கிற நான், அங்கே பக்கம் பக்கமாகப் பேசினேன்.

நிர்வாகிகளின் பெயர்கள் பதிவு செய்த வரிசையில்தான் முகப்பில் தெரியும். கடவுச்சொல்லை மறந்து திண்டாடிய ஹேமநாதனுக்குப் பத்தாவது இடம். முதலில் என் பெயர். மறுநாள் மதியம் அவர் கணினி முன் உட்கார்ந்து, தமக்கு மேலே இருந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக நீக்கினார். 'இவர் தொடங்கிய உரையாடல்களையும் அழிக்கவா?' என்று மென்பொருள் ஒவ்வொரு முறையும் கேட்டது. ஒவ்வொரு முறையும் ஆமாம் என்று அழுத்தினார். என் கேள்விகளோடு, அவற்றின் கீழே மலரக்கா எழுதிய மூன்று மாதமும் போனது.

"இப்பதான் ஒழுங்கா இருக்கு," என்று திரையை எனக்குக் காட்டினார். மேலே முதலாவதாக அவர் பெயர், அடுத்து மிச்சமிருந்த இரண்டு பேர். கீழே ஒரு காலி வெள்ளைப் பக்கம். அதில் என்ன குறைகிறது என்று கேட்கும் அளவுக்குக்கூட அவருக்கு அறிவில்லை. ஜெயபாலன் மட்டும் வந்து கத்தினார். அதுவும் தன் பெயருக்காக.

சாயங்காலம் மலரக்கா படிக்கட்டில் என்னை மறித்தார். "நான் எழுதுனதெல்லாம் எங்க?"

"எல்லாத்தையும் ஞாயித்துக்கெழமையே காப்பி எடுத்து வச்சிருக்கேன்க்கா."

"பொண்ணு நேர்லயும் பேசுது பாரேன்," என்று சிரித்தார். "அப்ப வேற எடத்துல போடு. இந்தப் பெரிய மனுசனுங்க இல்லாத எடமா பாத்து."

அவர் வீட்டு மேசையில், அவருடைய பழைய மடிக்கணினியில், அதே மென்பொருளை மறுபடி இறக்கினேன். நிறுவத் தொடங்கியதும் முதல் பக்கமே, நிர்வாகியின் பெயர் என்ன என்று கேட்டது.

"யாரு பேரு?" என்றார் மலரக்கா, தேநீரை என் பக்கம் தள்ளியபடி.

என் பெயரின் முதல் எழுத்தை என் விரல் ஏற்கெனவே தட்டியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு மின்னி, அணைந்து, மின்னிக்கொண்டிருந்தது.