டப்பாவைத் திறக்கச் சொல்ல யாருக்கு அதிகாரம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் எலுமிச்சைச் சோற்றிலிருந்து வந்தது. குடியுரிமை உறுதிமொழி எடுக்க அமெரிக்காவில் மிசூரியின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போன அன்று, வாசலில் காவலர் என் சாப்பாட்டு டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார். கையை உயர்த்தி நின்ற நேரமெல்லாம் அந்த டப்பா நினைவுதான். நாடு மாறிய கணத்தில் எனக்குப் பசித்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நீதி என்பது ஒரு" வேண்டாம். அடுத்து: "மழை பெய்த அந்தக் காலையில் நீதிபதி" அன்று நல்ல வெயில். விடுங்கள், கொரினிலிருந்து தொடங்குகிறேன்.

2.

கொரின் ஹாஸ்கலுக்கு நாற்பத்தோரு வயது. நீதிபதி வில்ஹெல்மினா ஸ்ட்ரௌடுக்குத் தீர்ப்பு வரைவு எழுதித் தருவது அவள் வேலை. பதினோரு வருடமாக எழுதியதில் பாதி ஒரே விஷயம்: "இதைத் தீர்க்க எங்களுக்கு அதிகாரமில்லை." கூட்டாட்சி நீதிமன்றம் பெரிய மனுஷிதான், நாடாளுமன்றம் போட்ட சட்டத்தையே செல்லாது என்று சொல்லிவிடும். ஆனால் இரண்டு பேர் நிஜமாகவே சண்டை போட்டுக்கொண்டு வந்து நிற்காவிட்டால் வாயைத் திறக்காது. சண்டை பாதியில் ஓய்ந்தால் கதவைச் சாத்திவிடும். (இதைக் கேட்டு எனக்குப் பொறாமை. ஓய்ந்துபோன சண்டைகளை நான் முந்நூறு பக்கம் இழுத்திருக்கிறேன்.)

இந்தக் கதையின் சண்டை ஒடெஸ்ஸா டிப்ஸுடையது. கெட்டில் ஃபோர்ட் என்ற சிற்றூரின் பூங்காவில் ஞாயிறுதோறும் வீடில்லாதவர்களுக்கு பிஸ்கட் ரொட்டியும் வெள்ளைக் குழம்பும் போடுகிறாள். அதுதான் தன் வழிபாடு என்கிறாள். ஊர் மன்றம் அதைத் தடைசெய்து, மீறினால் சிறை என்றது. வழக்கறிஞர் வைக்காமல் அவளே வழக்குப் போட்டாள். விசாரணைக்கு ஐந்து நாள் முன்பு மன்றம் நைசாகத் தடையை விலக்கிக்கொண்டது. தடையில்லை, அதனால் சண்டையில்லை, அதனால் வழக்குமில்லை.

3.

[இங்கே கொரினுக்கு ஒரு காதல் தோல்வி இருந்தது. வழக்குக்குச் சம்பந்தமில்லாததால் தள்ளுபடி செய்துவிட்டேன்.]

விசாரணைக்கு முந்தின நாள் கொரின் கெட்டில் ஃபோர்ட் மளிகைக் கடையில் காபி வாங்க நின்றாள். கல்லாவுக்குப் பக்கத்தில் மன்றக் கூட்ட அறிவிப்புகள் ஒரு கட்டாகக் கிடந்தன. என்ன பேசப்போகிறார்கள் என்று முன்கூட்டியே ஊருக்கு அச்சடித்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். யாரும் படிப்பதில்லை, பொட்டலம் மடிக்க எடுத்துப்போவார்கள். கொரின் படித்தாள். அடுத்த மாதக் கூட்டம், நான்காவது பொருள்: "டிப்ஸ் வழக்கு தள்ளுபடியானதும் பூங்காத் தடையை மீண்டும் கொண்டுவருதல்." கள்ளத்தனத்தையும் முறைப்படி அறிவித்துவிட்டுச் செய்கிற ஊர்.

அந்தத் தாள் நீதிபதி கைக்குப் போனால் சண்டை உயிரோடு இருக்கிறது என்று ஆகிவிடும். ஆனால் கொரின் அதைக் கொடுக்கக் கூடாது. வழக்காடுபவர்கள் முன்வைத்ததை வைத்துத்தான் நீதிபதி முடிவெடுப்பார், உதவியாளர் கடையில் பார்த்ததை வைத்து அல்ல. தாளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

4.

மறுநாள் காலை, நீதிமன்ற வாசல். ஒடெஸ்ஸாவுக்குப் பின்னால் வரிசையில் கொரின்.

"டப்பால என்னம்மா?" என்றார் காவலர்.

"ரொட்டிப்பா. ஜட்ஜம்மாவுக்கு இல்ல, லஞ்சம்னு எழுதிப்புடாத. எனக்குப் பசிச்சா திங்க."

"உள்ள திங்க முடியாது. போறப்ப வாங்கிக்குங்க."

அவர் மூடியைத் தூக்கினார். ரொட்டிக்கு அடியில் எண்ணெய் உறிஞ்ச மடித்துப் போட்டிருந்த தாளில் ஊர் மன்றத்தின் முத்திரை தெரிந்தது: கடையில் படித்த அதே அறிவிப்பு. கொரினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"என்ன கண்ணு, ஒண்ணு வேணுமா?" என்றாள் ஒடெஸ்ஸா.

"வேணாங்க. நாங்க வாங்கக் கூடாது."

"வாங்காட்டி போ, பாத்தாவது பாரு."

"பாத்துட்டேங்க."

(ஒடெஸ்ஸாவுக்குக் கண்ணாடி மாட்டி அந்தத் தாளைப் படிக்க வைக்க எனக்கு ஒரு வரி போதும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்தேன். யாரும் கேட்காததை நானாகத் தூக்கிக் கொடுத்தால் அப்புறம் கொரின் முகத்தில் எப்படி விழிப்பேன்?)

5.

"தடையே இல்லைங்க ஜட்ஜம்மா," என்றார் ஊரின் வழக்கறிஞர் ராய்ஸ் பெட்டிபோன். "அவங்க நாளைக்கே அண்டா வெச்சு ஊத்தட்டும். இதுல நீங்க சொல்ல என்ன இருக்கு?"

"தடை திரும்ப வராதா?"

"எனக்குத் தெரிஞ்சு வராதுங்க." அவரும் அறிவிப்பைப் படிக்காத ஊர்க்காரர்தான்.

"மிசஸ் டிப்ஸ், திரும்ப வரும்னு காட்ட உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

"வரும்னு என் முழங்கால் சொல்லுதுங்க. எழுத்துல ஒண்ணும் இல்ல."

கொரினின் மடியில் இரண்டு வரைவுகள் இருந்தன, வழக்கைத் தள்ள ஒன்று, தொடர ஒன்று. தள்ளுபடி வரைவை நீதிபதி கை நீட்டிக் கேட்டார்.

"மிசஸ் டிப்ஸ், வேற எதாவது சொல்லணுமா?"

"வழக்குல இல்லைங்க. வாசல்ல என் டப்பாவை வாங்கி வெச்சுட்டாங்க. அதைக் குடுக்கச் சொல்லுங்க."

நீதிபதியின் கை பாதியில் நின்றது. "டப்பால என்ன?"

பெட்டிபோன் எழுந்தார். "ஆட்சேபணை. டப்பா இந்த வழக்குலயே இல்லைங்க."

6.

முடிவு அ: டப்பா உள்ளே வருகிறது, தாள் வெளியே வருகிறது, வழக்கு பிழைக்கிறது. முடிவு ஆ: "போறப்ப வாங்கிக்குங்க" என்கிறார் நீதிபதி; அடுத்த மாதம் ஒரு கரண்டிக் குழம்புக்காக ஒடெஸ்ஸா சிறைக்குப் போகிறாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் சட்டப்படி சரி. ஆகவே, தேர்ந்தெடுக்க எனக்கு அதிகாரமில்லை என்று இதனால் தீர்ப்பளிக்கிறேன்.

நீங்கள் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொரின் திரும்பி உங்களைத்தான் பார்க்கிறாள். டப்பாவின் அடியில் இருப்பது என்னவென்று இந்த அறையில் உங்கள் இருவருக்குத்தான் தெரியும், அவளோ பேசக் கூடாதவள். நீங்கள் வாயைத் திறந்தால் காவலர் உங்களைத் தூக்கி வாசலில் போடுவார்.

டப்பாவும் அங்கேதான் இருக்கிறது.