பதின்மூன்று செவ்வாய்க்கிழமைகள்

அந்த எழுத்துத் தளத்தை விட்டு விலகுகிறவர்கள் ஒரேயடியாக விலக முடியாது. வாரத்துக்கு ஒரு பங்காக, பதின்மூன்று செவ்வாய்க்கிழமைகளில்தான் விலக முடியும். பிளாக்செயினில் இயங்கிய தளம் அது. எழுதியதை யாரும் அழிக்க முடியாது. படித்தவர்கள் இடும் விருப்பக்குறிகள் எழுதியவருக்கு டோக்கன்களாகச் சேரும். பதின்மூன்று வார விதி, விலகுகிறவர்கள் அந்த டோக்கன்களை மொத்தமாக எடுத்துவிடாமல் இருப்பதற்காகத்தான் எழுதப்பட்டது. உடம்பும் அதே விதிப்படி போகிறது என்பது இரண்டாம் ஆண்டில் தெரியவந்தபோது ஜனங்கள் நாலு நாள் பேசினார்கள், பிறகு வேறு பேச்சு வந்தது. விலகல் கேட்ட ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் இடது காது முதல் செவ்வாயன்று போனது. அவன் வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பினான்.

அவனை அங்கே சேர்த்துவிட்டவள் கூடப்பிறந்த அக்காள். அந்தத் தளத்துக்கு எழுதுகிறவர்களைப் பிடித்துவருவதும் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் அவளுடைய உத்தியோகம். தம்பி எதை வெளியிட்டாலும் ஐந்தாவது நிமிடத்தில் தன் பெயரில் ஒரு விருப்பக்குறியும் "அருமை, தொடர்ந்து எழுதுங்கள்" என்ற வரியும் தானாக விழும்படி முதல் நாளே அமைத்துவைத்தாள். பாசத்தில் செய்ததுதான். நான்கு ஆண்டுகளில் அவன் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் எழுதினான். அவள் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. ஒருநாள் லிஃப்ட் குழிக்குள் நின்றபடி கைதவறி வெற்றுப் பக்கத்தை வெளியிட்டுவிட்டான். ஐந்தாவது நிமிடம் "அருமை" வந்தது. அன்று சாப்பிடும்போது கேட்டான்.

"இன்னைக்கு எழுதினது எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சுடா. அந்த முடிவுதான் பிரமாதம்."

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து விலகல் பொத்தானை அழுத்தினான்.

முதல் மூன்று வாரம் அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். பதக்கம் அனுப்பினாள், போட்டியில் அவன் பெயரைச் சேர்த்தாள், 'உங்களைக் காணாமல் வாடுகிறோம்' என்ற கடிதத்தை எதிர் அறையில் இருந்தவனுக்கு அனுப்பினாள்.

"இதையும் மெஷின்தான் எழுதுச்சா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

நான்காம் செவ்வாயன்று வலது கட்டைவிரல் போனது. விலகலை ரத்துசெய்ய அந்த விரலின் ரேகை வேண்டும். மறுநாள்தான் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் கட்டுரையைத் திறந்தாள். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறக்கும்வரை என்னவெல்லாம் பேசினார்கள் என்று எழுதியிருந்தான். நன்றாகவே எழுதியிருந்தான். அவள் அவனுக்கே வாசித்துக் காட்டினாள். அவன் மிச்சமிருந்த காதைத் திருப்பிக்கொண்டு கேட்டான்.

"கமாவை எல்லாம் முழுங்காதக்கா. கஷ்டப்பட்டு வச்சது."

பத்தாம் வாரம் அந்தக் காதும் போனது. ஆனாலும் வாசிக்கச் சொன்னான், அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் வாரம் நாற்காலியில் கண்கள் மட்டும் இருந்தன. நூற்றெழுபத்தெட்டாவது கட்டுரையின் நடுவில் பதின்மூன்றாம் செவ்வாய் வந்தது.

அவள் அந்த வாக்கியத்தை முடித்துவிட்டு அலுவலக அறிக்கையை எழுதினாள்: சேர்ந்தவர்கள் மூவர், விலகியவர் ஒருவர். மறுநாள் காலை மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுத் தையற்காரர் விசாரித்தார்.

"தம்பி போயிட்டாப்லயாம்மா?"

"ஆமாங்க. நேத்தோட முடிஞ்சுது."

"எங்க மருமகளுக்கு எட்டாவது வாரம் நடக்குது."

"அவங்க எழுதினத நீங்க யாராவது படிக்கிறீங்களா?"

"படிக்கணும்," என்றார் தையற்காரர். "இந்த சீசன் வேலை முடியட்டும்." கடை திறக்க நேரமாகிவிட்டதால் அவர் வேகமாக இறங்கிப் போனார்.